விதைச் சேவல்

(சாக்கோட்டை ஊராட்சி ஒன்றியத்தில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



செட்டிநாட்டுக் கோழி என்னும் பெயர் இன்று சென்னையிலும் சிங்கப்பூரிலும் உணவு விடுதிகளின் பலகைகளில் காணப்படுகின்றது. அப்பெயரை உலகுக்கு ஈந்த நம் காரைக்குடி வட்டாரத்திலோ, விருந்தினர் வந்தால் கடைக்கு ஆள் அனுப்பிப் பிராய்லர் கோழி வாங்கும் இல்லங்கள் பெருகிவிட்டன. காரணம் வினவினால், "வைத்திருந்தோம் ஐயா, எல்லாம் கழிச்சலில் போய்விட்டன" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கின்றது. இவ்விடையில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. எஞ்சிய பாதி நம் கையிலேயே இருக்கின்றது. அதனைக் கூறவே இன்று எழுந்துள்ளேன்.

நம் பக்கத்துக் கோழிகளைச் சிறுவிடை என்றும் பெருவிடை என்றும் பிரித்து வழங்குகிறோம். சிறுவிடை உடலிற் சிறியது, சுறுசுறுப்பு மிக்கது, பருந்தின் நிழல் கண்டவுடன் குஞ்சுகளைச் சிறகின் கீழ் சேர்க்கும் தாய்மைக் குணம் வாய்ந்தது. பெருவிடை உயர்ந்த காலும் நீண்ட கழுத்தும் இறுகிய தசையும் உடையது. அசீல் என்று நூல்களில் பேசப்படும் இனத்தைச் சேர்ந்தது. இந்த அசீலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தம் நாட்டுக்குக் கொண்டு சென்று, கார்ன்வால் பகுதியில் வேறு இனங்களோடு கலந்து, கார்னிஷ் என்னும் இறைச்சிக் கோழியை உண்டாக்கினர். இக்காலத்துப் பிராய்லரின் தந்தை வழி அந்தக் கார்னிஷிலிருந்து வந்ததே. நாம் கடையில் விலை கொடுத்து வாங்கும் கோழிக்கும் பாட்டன் நம் நாட்டுச் சேவல்தான். மேலும், கோழிகள் பலவற்றின் காலில் காணும் மஞ்சள் நிறம் தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று தெரிவித்தது. நம்மிடம் உள்ளது அற்பமான பொருள் அன்று என்பதற்காகவே இவற்றைக் குறிப்பிட்டேன்.

நிற்க. இந்தச் செல்வத்தை நாம் எவ்வாறு பேணுகிறோம்? விதைநெல்லை எடுத்துப் பொங்கி உண்ணும் குடியானவர் இந்த முகாமில் எவரேனும் உண்டா? இல்லை. ஆயினும் சேவல் விஷயத்தில் ஆண்டுதோறும் அதனைத்தான் செய்து வருகிறோம். கருப்பருக்கு நேர்ந்துகொள்ளும்போது ஊனமற்ற, கம்பீரமான சேவலையே நேர்கிறோம். மருமகன் வந்தால் அறுபடுவதும் பெரிய சேவலே. வியாபாரி வந்தால் அதிக எடையுள்ளதைத்தான் தூக்குகிறான். இறுதியில் எவருக்கும் வேண்டாத நோஞ்சான் சேவல் ஒன்று குப்பைமேட்டில் நிற்கின்றது. அடுத்த தலைமுறைக்கு அதுவே தந்தையாகின்றது. பத்து ஆண்டுகள் இவ்வாறு நடந்தால் இனம் சிறுக்காமல் வேறு என்ன செய்யும்?

தெய்வத்துக்கு உரியதைக் குறைக்குமாறு நான் சொல்லவில்லை. ஒரு கிராமத்தில் இதனைக் கூறியபோது ஒரு மூதாட்டியார், "நேர்ந்துவிட்டதைத் தள்ளிப்போடலாமா?" என்று என்னைக் கேட்டார். நான் விடை தேடித் தயங்கி நிற்கையில் அவரே, "சரி, இனிமேல் நல்ல சேவலை நேரமாட்டேன், அதன் மகனை நேர்ந்துகொள்கிறேன்" என்றார். என் படிப்புக்கு எட்டாத தீர்வு அது.

விதைச் சேவலைத் தெரிந்தெடுப்பது எப்படி? அதன் தோற்றத்தை மட்டும் பார்த்தல் போதாது. அதன் தாயைப் பார்த்தல் வேண்டும். தவறாமல் அடைகாத்து, பொரித்த குஞ்சுகளில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றி வளர்த்த பெட்டையின் குஞ்சுகளுக்குக் காலில் ஒரு வண்ண நூல் கட்டிவையுங்கள். அவற்றுள் நன்கு வளர்ந்த சேவலை நிறுத்திக்கொள்ளுங்கள். எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். அச்சேவல் தன் மக்களோடும் பேத்திகளோடும் சேருமாறு விட்டுவிடலாகாது. பொரிப்பு குறையும், குஞ்சுகள் வலுவிழக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அடுத்த ஊர்க்காரரோடு சேவலை மாற்றிக்கொள்வது நலம். பணச் செலவற்ற இக்காரியத்தைப் பஞ்சாயத்தே முன்னின்று செய்யலாம். பெருவிடை இன்றளவும் தூய்மையாக இருப்பதற்குச் சேவற்சண்டைப் பிரியர்கள் தலைமுறை தலைமுறையாக வழி பார்த்து வளர்த்ததே காரணம். விலங்குகளைச் சண்டைக்கு மூட்டுவதை 1960-ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. சண்டையை விட்டு, அவர்கள் வழி பார்க்கும் திறமையை மட்டும் நாம் கற்றுக்கொள்வோம்.

ஹைதராபாத்திலிருந்து வனராஜா, பெங்களூரிலிருந்து கிரிராஜா என மேம்படுத்தப்பட்ட இனங்கள் வந்துள்ளன. அவை அதிக முட்டையிடுவன. எடையும் விரைவில் ஏறும். நான் அவற்றுக்குப் பகைவன் அல்லன். ஆனால் அவை அடைகாப்பதில்லை. வனராஜாச் சேவல் உங்கள் பெட்டைகளோடு கலந்துவிட்டால், அடைகாக்கும் குணம் சில தலைமுறைகளில் தேய்ந்துவிடும். பின்னர் ஒவ்வொரு குஞ்சையும் விலைக்கு வாங்க வேண்டும். ஆதலால் அவற்றைத் தனியே அடைத்து வளர்க்க.

அடை வைக்கும் முறையில் நம் தாய்மார்களுக்கு நான் கற்பிக்க வேண்டியது சிறிதே. மணல் பரப்பிய கூடையில் 10 அல்லது 12 முட்டைகள் போதும்; கோடையில் மூன்று நான்கு நாட்களுக்கு மேற்பட்ட முட்டையை வைக்க வேண்டாம். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் விளக்கின் முன் முட்டையைப் பிடித்துப் பார்த்து, கூமுட்டையை அகற்றிவிடலாம். இடிக்கு அஞ்சி இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் வைக்கும் பழக்கத்தால் தீங்கொன்றுமில்லை. 21-ஆம் நாள் பொரித்த குஞ்சுகளைச் சில வாரங்கள் பஞ்சாரத்தில் தாயோடு அடைத்துவைத்தால் பருந்து, கீரி, பூனை ஆகியவற்றினின்றும் தப்பும். பழைய பானையில் வைக்கோலும் உலர்ந்த சாணமும் நிரப்பி, நீர் தெளித்து, மாலையில் செம்மண் தரையில் கவிழ்த்துவையுங்கள். விடியலில் அதில் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு அதனினும் சிறந்த தீனி கிடைப்பது அரிது.

இனி, கழிச்சல். வெள்ளைக் கழிச்சல், இராணிக்கெட் எனப்படும் இந்நோய் மாசி முதல் சித்திரை வரை கடுமையாகப் பரவும். கோழி இறகை விரித்துத் தூங்கி விழும். வெண்மையும் பச்சையுமாகக் கழியும். சில கோழிகளுக்குக் கழுத்துத் திருகும். ஒரு வாரத்தில் ஊர் வெறுமையாகும். வந்தபின் மருந்து இல்லை. வருமுன் தடுப்பூசி உண்டு. எட்டு வாரத்திற்கு மேற்பட்ட கோழிக்கு இறக்கையின் கீழ்த் தோலடியில் ஊசி. ஏழு நாள் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. கால்நடைத் துறையினர் ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரம் இதற்கென முகாம் நடத்துகின்றனர். அவ்வாறிருந்தும் கோழிகள் மடிவது ஏன்?

என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்தில் காலை பத்து மணிக்கு முகாம் ஏற்பாடு செய்தேன். பந்தல் இருந்தது, மேஜை இருந்தது, பனிக்கட்டிப் பெட்டியில் மருந்தும் இருந்தது, கோழிதான் இல்லை! பத்து மணிக்கு எந்தக் கோழி வீட்டில் இருக்கும்? ஒன்பது கோழிகளோடு முகாம் முடிந்தது. பங்குனியில் அவ்வூரில் கழிச்சல் புகுந்தது. எட்டுக் கோழிகளைப் பறிகொடுத்த ஒரு விதவைத் தாயார் என் ஜீப்பை நிறுத்தி, "சாயங்காலம் வந்திருந்தால் எல்லாம் கூட்டில் இருந்திருக்குமே தம்பி" என்றார். அதன்பின் பொழுது சாய்வதற்கு முன் எந்த முகாமையும் நான் வைத்ததில்லை.

இன்னொன்று. மருந்துக் குப்பி ஒன்றில் நூறு கோழிக்கு மேல் போடலாம். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். எட்டுக் கோழி உடையவர் தனியே வந்தால் மற்ற மருந்து வீணாகும். ஊர் முழுவதும் ஒரே மாலையில் சேர்ந்தால்தான் கணக்குப் பொருந்தும். ஆகவே இது தனி மனிதர் காரியம் அன்று, பஞ்சாயத்தின் காரியம். பிப்ரவரிக்குப் பின் பொரித்த குஞ்சுகளுக்காக மூன்று மாதத்துக்கு ஒரு மாலையை நீங்களே குறித்துக்கொள்ள வேண்டும்.

நோய் கண்டவுடன் எஞ்சிய கோழிகளை அவசரமாகச் சந்தைக்கு அனுப்புவது, அடுத்த ஊரின் கொல்லைக்கு நோயை அனுப்புவதாகும். செத்த கோழியைக் கண்மாயில் எறியாது, சுண்ணாம்பு தூவி ஆழப் புதையுங்கள். சந்தையில் வாங்கிய புதுக் கோழியை மூன்று வாரம் தனியே கட்டிவைத்தபின் மற்றவற்றோடு விடுங்கள்.

கால்நடை உதவி மருத்துவர் வாயிற்புறத்தில் அமர்ந்திருக்கிறார். தங்கள் ஊரில் கோழிகள் எத்தனை, எந்த மாலை வசதி என்பதை அவரது பதிவேட்டில் எழுதிவிட்டுச் செல்லுமாறு பஞ்சாயத்து உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.