மாடுலர் அலமாரிக்கு முன்பணம் கொடுக்கும் முன்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தேவகோட்டையில் வீடு புதுப்பிக்கும் வேலை நடக்காத தெரு இல்லை. பர்மா தேக்குக் கதவும் நிலையும் லாரி ஏறுகின்றன. மாடுலர் அலமாரி வந்து இறங்குகிறது. அதற்குள் இருப்பது பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. அது என்னவென்று தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

மட்டமான சரக்கு என்று சொல்ல மாட்டேன். மரக்கழிவு வீணாகிறதே என்று 1930களில் ஜெர்மனியில் மாக்ஸ் ஹிம்மல்ஹெபர் யோசித்து உருவாக்கியது அது. இத்தாலியில் சவியோலா நிறுவனம் பழைய மேசை நாற்காலி, பழப்பெட்டிகளை அரைத்தே பலகை செய்கிறது. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் கரும்புச் சக்கையில் செய்கிறார்கள்.

சக்கையில் பஞ்சு போன்ற பகுதியைச் சலித்து நீக்குவார்கள். அது பசையைக் குடித்துவிடும். மீதி நாரை உலர்த்தி, யூரியா ஃபார்மால்டிஹைடு பசை தெளித்து, மெத்தை போலப் பரப்பி, சூடான அச்சில் அழுத்தினால் சில நிமிடங்களில் பலகை. வைக்கோல் அவ்வளவு சுலபமில்லை. அதன் மேல் மெழுகுப் படலம் உண்டு, இந்தப் பசை சரியாக ஒட்டாது. விலை கூடிய வேறு பசை வேண்டும். உமியில் சிலிக்கா அதிகம், ரம்பப் பல் சீக்கிரம் மழுங்கும்.

'நம் மாவட்டத்துப் படமாத்தூரிலும் சர்க்கரை ஆலை இருக்கிறதே, இங்கே செய்தால் என்ன?' என்று கேட்பீர்கள். சக்கைக்குப் போட்டி அதிகம். ஆலைகளே அதை எரித்து நீராவியும் மின்சாரமும் எடுக்கின்றன. 1984 முதல் ஓடும் கரூர் டிஎன்பிஎல் காகித ஆலையே, சக்கைக்கு ஈடாகச் சர்க்கரை ஆலைகளுக்கு நீராவியோ எரிபொருளோ கொடுக்க வேண்டியிருந்தது. வைக்கோலையோ மாடு விடாது. நம்மூரில் மிஞ்சுவது இடிக்கிற வீட்டு மரம்தான். அதிலும் தேக்கை அரைப்பது பாவம். ஆசாரியிடம் கொடுத்து இழைத்தால் இன்னொரு கதவாகும்.

இனி வாங்கும் விஷயம். இந்தப் பசைக்குத் தண்ணீர் ஆகாது. சிங்குக்குக் கீழே, குளியலறையில், ஐப்பசி மழைக்கு ஓதம் காக்கும் சுவரோரம் வேண்டவே வேண்டாம். படுக்கையறை அலமாரிக்கும் புத்தகத் தட்டுக்கும் தாராளமாகப் போடலாம். வெட்டிய விளிம்பு ஒவ்வொன்றுக்கும், கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்துக்கும் சேர்த்து, பட்டை ஒட்டச் சொல்லுங்கள். ஈரம் ஏறுவதும் ஃபார்மால்டிஹைடு வாயு கசிவதும் அந்த வழியாகத்தான். அந்த வாயு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. ஆகவே ஐஎஸ் 12823 எண்ணுடன் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா, கசிவு குறைந்த இ1 வகைதானா என்று கேளுங்கள். புது அலமாரி கண்ணை எரித்தால் சில வாரம் ஜன்னலைத் திறந்தே வையுங்கள். வெட்டி மீந்த துண்டுகளை வெந்நீர் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். எரிவது விறகு மட்டுமல்ல, பசையும்தான்.

முன்பணம் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் ஒரு சாண் துண்டு கேட்டு வாங்குங்கள். கனத்தை அளந்து குறித்துக்கொண்டு, ராத்திரி வாளித் தண்ணீரில் போடுங்கள். காலையில் எடுத்து மறுபடி அளந்து பார்த்துவிட்டு அவருக்கு போன் செய்யலாம்.