கிளோ, கிளீம், கிளேர்: எல்லாம் ஒண்ணா?

இன்னைக்கு என் மானம் போன கதையிலிருந்து ஆரம்பிக்கலாம். முதல் வேலையில் சேர்ந்த புதுசு. மேனேஜர் ஒரு ரிப்போர்ட் அனுப்பி, பார்த்தாச்சான்னு கேட்டார். மேலோட்டமா ஒரு பார்வை பார்த்தேன்னு சொல்லணும், அதுக்கு 'கிளான்ஸ்'. நான் மெயிலில் "ஒரு கிளேர் கொடுத்தேன்"னு எழுதிட்டேன். அதாவது, ரிப்போர்ட்டை முறைச்சேன்! ஒரு வாரத்துக்கு டீமே என்னை முறைச்சுது.

காரணம், பேங்க் எக்ஸாமுக்குப் படிச்ச சினானிம் லிஸ்ட். 'ஜி-எல்'னு ஆரம்பிக்கிற வார்த்தைக்கெல்லாம் பக்கத்துல "ஒளி, பார்வை"ன்னு எழுதி மனப்பாடம் பண்ணியிருந்தேன்.

லிஸ்ட் முழுப் பொய்யும் இல்லை. ஆங்கிலத்தில் ஜி-எல் என்று தொடங்கும் பெயர்ச்சொற்களில் பல ஒளியைச் சுற்றியே வருகின்றன. இப்படி ஓர் அர்த்தத்தோடு ஒட்டிக்கொள்ளும் ஒலிக்கு, 1930இல் பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே.ஆர்.ஃபர்த் 'ஃபோனஸ்தீம்' என்று பேர் வைத்தார். நம்ம பளபளப்பு, பளிச், பளீர் மாதிரி வெச்சுக்கோங்க.

ஆனா பளிச்சும் பளீரும் ஒண்ணா சொல்லுங்க? அடுப்புத் தணலில் இருக்கிற நிதானமான வெளிச்சம் கிளோ. தேய்ச்சுக் கழுவின எவர்சில்வர் தட்டில் தெரியறது கிளீம். அதே தட்டைத் திருப்பும்போது ஒரு நொடி கண்ணில் வெட்டுதே, அது கிளிண்ட். ஜிகினா வெச்ச சேலை முழுக்க அந்த வெட்டு வந்தா கிளிட்டர். தூரத்துல அணையலாமா வேண்டாமான்னு யோசிக்கிற விளக்கு கிளிம்மர். துளி நம்பிக்கைக்கும் இதே வார்த்தைதான். எதிர்ல வர்ற பஸ் ஹைபீம் போட்டு கண்ணைக் கூச வைக்குதே, அதுதான் கிளேர். முறைப்புக்கும் அந்தப் பேர் ஏன் வந்துச்சுன்னு இப்ப புரியுதா?

அப்புறம், கிளான்ஸ் நாமா பார்க்கிறது. கிளிம்ப்ஸ் நமக்குக் கிடைக்கிறது. படம் வர்றதுக்கு மாசக்கணக்கா முன்னாடி ஹீரோ முகத்தை அரை செகண்ட் காட்டி 'கிளிம்ப்ஸ்'னு விடறாங்களே, பேர் சரியாத்தான் வெச்சிருக்காங்க.

கிளாமர் இந்தக் குடும்பமே இல்லை. 'கிராமர்'ங்கிற வார்த்தை ஸ்காட்லாந்துக்காரங்க வாயில திரிஞ்சு வந்தது. அங்கே அதுக்கு மந்திர மாயம்னு அர்த்தம். இலக்கணத்துக்குப் பிறந்த கிளாமர்! கிளூம்னா இருட்டு, கிளவ்னா கையுறை, கிளூ வெறும் பசை.

இப்போ என் நோட்டில் "ஒளி"ன்னு எழுதறதில்லை. கிளோ, தணல். கிளீம், தட்டு. கிளேருக்குப் பக்கத்துல மட்டும் பஸ்னு எழுதலை, அந்த மேனேஜர் பேரை எழுதி வெச்சிருக்கேன்.