தட்டேந்தும் கையா, தொண்டாற்றும் கையா?

(சத்துவாச்சாரியில் மாணவியர் தொண்டுக் குழுவொன்றின் தொடக்க நாளன்று தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வாழ்த்துரை வழங்குமாறு என்னைப் பணித்துள்ளனர். வாழ்த்துவது எளிது. வாழ்த்துமுன் ஒரு வினாவைக் கேட்டுவிட வேண்டுமென்று என் நெஞ்சம் சொல்கிறது. இக்குழு எதற்கு?

ஏறத்தாழ முப்பதாண்டு ஆசிரியப் பணியில் நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்கிறேன். இஃது ஒரு பள்ளியின் காட்சியன்று. பல ஊர்ப் பள்ளிகளின் காட்சி. விழாவென்றால் காலை எட்டு மணிக்கே மாணவியர் சிலர் வாயிலில் வந்து நிற்பர். கையில் தட்டு, தட்டிற் சந்தனமும் கற்கண்டும் பன்னீர்ச் செம்பும். பதினொரு மணி வெயிலிலும் விருந்தினர் வந்திரார். அவர் வந்ததும் பன்னீர் தெளிக்கப்படும், படம் எடுக்கப்படும். மறுநாட் பதிவேட்டில் 'மாணவியர் தொண்டாற்றினர்' என்று எழுதப்படும். ஆண்பிள்ளைகளை அவ்வாயிலில் தட்டோடு நிறுத்தியதை நான் கண்டதில்லை. இதுவா தொண்டு? இதற்கா ஒரு குழுவும், உடையும், உறுதிமொழியும்?

உலகில் பெண்பிள்ளைகளின் தொண்டியக்கம் தட்டேந்துவதில் தொடங்கவில்லை, கேட்பதில் தொடங்கியது. 1909ஆம் ஆண்டு இலண்டன் பளிங்கு மாளிகையில் சாரணச் சிறுவர்களின் பேரணி நடந்தது. அழைப்பில்லாமலே சிறுமியர் சிலர் அங்கு வந்து நின்று, தமக்கும் இடம் வேண்டுமென்று கேட்டனர். சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல், அவர்தம் கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாமல், தம் தங்கையாகிய ஆக்னசு அம்மையாரின் துணையோடு 1910இல் சாரணியர் இயக்கத்தைத் தோற்றுவித்தார். மறு ஆண்டே, 1911இல், சபல்பூரில் இந்நாட்டின் முதற் சாரணியர் படை அமைந்தது. நாட்டு விடுதலைக்குப் பின் 1950ஆம் ஆண்டு நவம்பர் 7 அன்று சாரணர் அமைப்புகள் ஒன்றாயின. 1951ஆம் ஆண்டு ஆகத்து 15 அன்று சாரணியர் அமைப்பும் அதனோடு இணைந்தது. இன்று நம் பள்ளிகளில் சிறு மகளிரை நீலப்பறவையர் என்றும், அவர்க்கு மூத்தோரைச் சாரணியர் என்றும், அவர்க்கும் மூத்தோரைத் திரிசாரணியர் என்றும் அழைக்கிறோம்.

கல்லூரி அளவில் வேறொரு திட்டம் உண்டு. காந்தியடிகள் நூற்றாண்டாகிய 1969இல், செப்தம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் நாட்டுநலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. அதிற் சேர்வோர் ஈராண்டில் 240 மணிநேரம் பணியாற்ற வேண்டும் என்பது வரையறை. 240 மணிநேரம்! ஓர் ஊரின் நிலையையே அறிந்துவிடப் போதுமான நேரம். அதனைக் கோலம் போடுவதிலும் நாற்காலி அடுக்குவதிலும் கழித்துவிட்டால் அது யார் குற்றம்? பிள்ளைகள் குற்றமன்று, வழிநடத்தும் நம் குற்றம்.

சாரணர் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் அரங்கத்தில் சாரணரைக் காண்கின்றனர். ஓரிடத்தில் அடங்கியிராது ஊரூராய்ச் சென்று அறங்கூறிய துறவியர் அவர். ஆகவே சாரணியென்னும் பெயரைத் தாங்குகின்றவள் வாயிலில் நிற்பவளாக இருத்தல் பொருந்தாது. ஊருக்குள் நடப்பவளாக இருத்தல் வேண்டும்.

ஊருக்குள் நடந்த ஓர் இளம்பெண்ணை நம் காப்பியமே நமக்குக் காட்டுகிறது. மணிமேகலையின் கையிலும் ஒரு கலம் இருந்தது. அக்கலத்தை அவள் விருந்தினர் முன் ஏந்தவில்லை. பசித்தவர் முன் ஏந்தினாள். ஆதிரை இட்ட முதற் சோற்றை வாங்கிக் காயசண்டிகையின் தீராப்பசியைத் தீர்த்தாள். அத்தோடு நின்றாளா? சிறைக்குட் சென்றாள், அங்கிருந்தோர் பசியையும் ஆற்றினாள், பின்னர் அரசனிடமே சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தருமாறு கேட்டுப் பெற்றாள். இதனைக் கூர்ந்து நோக்குங்கள். சோறிட்டது முதற்படி. சோறின்றி வாடும் நிலையைக் கண்டறிந்தது இரண்டாம் படி. அந்நிலையை மாற்றுமாறு ஆள்வோனைக் கேட்டது மூன்றாம் படி. தொண்டென்பது இம்மூன்று படியும் சேர்ந்ததே. முதற்படியிலேயே நின்றுவிடுவது இரக்கம். மூன்றாம் படிவரை ஏறுவதே தொண்டு.

காப்பியக் காலத்துக் கதையென்று இதனை ஒதுக்குவாரும் இருக்கலாம். அவர்க்கு நம் வேலூரையே சான்றாகக் காட்டுவேன். 1870இல் இராணிப்பேட்டையிற் பிறந்தவர் ஐடா இசுக்கடர் அம்மையார். அவர் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து, மகப்பேற்று நோவில் துடிக்கும் தம் மனைவியர்க்கு உதவுமாறு அழைத்தனர். அவரோ அப்போது மருத்துவம் அறியாதவர். ஆண் மருத்துவராகிய அவர்தம் தந்தையாரை வீட்டிற்குள் விட அவ்வீட்டார் இசையவில்லை. மூன்று பெண்டிரும் இறந்துபட்டனர். அந்த இரவே அவரை மருத்துவக் கல்விக்கு அனுப்பியது. 1900இல் மருத்துவராகத் திரும்பினார்; 1902இல் வேலூரில் மருத்துவமனை எழுந்தது. 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கிற்று. 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி திறந்தார். பெண்கள் மருத்துவம் கற்க முன்வருவரா என்று அன்று ஐயுற்றோர் பலர். முதலணியில் 14 பெண்கள் தேறி 1922இல் வெளிவந்தனர். அப்பள்ளியே கல்லூரியாக உயர்ந்தது. 1947இல்தான் ஆண்கள் அங்கே கற்கச் சேர்ந்தனர். ஆம், வேலூரின் பெரும்புகழ்க்குரிய அம்மருத்துவக் கல்லூரி பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பெற்று, ஆண்களுக்குப் பின்னர் இடங்கொடுத்தது.

அவ்வம்மையாரின் சமயப் பணியோடு நமக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாதிருக்கலாம். அதுவன்று இங்குச் செய்தி. மூன்று பெண்டிர் இறந்ததைக் கண்டு கண்ணீர் வடித்துவிட்டுப் போகாமல், 'ஏன் இறந்தனர்?' என்று வினவி, அக்கரணியத்தையே களைய முற்பட்டார் அல்லரோ, அதுதான் செய்தி.

இன்னொரு சான்று புதுக்கோட்டையில் உள்ளது. 1991-92ஆம் ஆண்டுகளில் அங்கு அறிவொளி இயக்கம் எழுத்தறிவைப் பரப்பியது. கற்பிக்கச் சென்ற இளம்பெண்கள் ஊர்விட்டு ஊர் செல்ல வேண்டியிருந்தது. அதற்கு மிதிவண்டி வேண்டும். பெண்கள் மிதிவண்டி ஓட்டுவதை நகையாடிய காலம் அது. நகைப்பைப் பொருட்படுத்தாமல் கற்றனர். கற்றதைப் பிறர்க்கும் கற்பித்தனர். 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவிடத்தில் மிதிவண்டி ஓட்டிக் காட்டினர். பிறர்க்கு எழுத்துக் கொடுக்கப் போன பெண்கள், தமக்கு நடமாடும் உரிமையைப் பெற்றுத் திரும்பினர். தொண்டு செய்தவரையும் உயர்த்துவதே உண்மைத் தொண்டு.

இனி நம் சத்துவாச்சாரிக்கு வருவோம். ஒருபுறம் பாலாறு, ஊரை ஊடறுத்துச் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை, மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் நம்மூரிலேயே. இம்மூன்றையும் நாள்தோறும் காண்கிறோம். இவற்றுக்கு நடுவில் நம் பிள்ளைகள் ஆற்றத்தக்க பணிகள் மூன்றனைச் சொல்வேன்.

முதலாவது நீர். ஆம்பூரிலிருந்து இராணிப்பேட்டை வரை தோற்றொழில் நமக்குச் சோறு போட்டது; அதே தொழிலின் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகத்து 28 அன்று உச்ச முறைமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசு செய்தவரே இழப்பீடு தரவேண்டும் என்னும் நெறி இந்நாட்டின் சட்டத்தில் வேரூன்ற அத்தீர்ப்பே துணைநின்றது. அத்தீர்ப்பினுள் ஒரு சிறு கணக்கு உண்டு. திண்டுக்கல் பகுதியில் ஒரு தொண்டு அமைப்பினர் 13 சிற்றூர்களுக்குச் சென்று 467 கிணறுகளை ஆய்ந்து, அவற்றுள் 350 கெட்டுப்போயின என்று கண்டனர். நாட்டின் உச்ச மன்றத்தில் அக்கணக்குச் சான்றாக நின்றது! கிணறு கிணறாக நடந்து எண்ணியவரின் கால்வலி அங்கே சட்டமாயிற்று. 2025ஆம் ஆண்டு சனவரி 30 அன்றும் அதே மன்றம் பாலாற்று மாசு பற்றி மீண்டும் ஆணையிட நேர்ந்தது. சிக்கல் இன்னும் தீரவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஆதலின், நங்கையரே, உங்கள் தெருவின் குழாய்களையும் கிணறுகளையும் ஆழ்துளைகளையும் எண்ணுங்கள். எந்நீர் உவர்க்கிறது, எந்நீர் நிறம் மாறியது, எத்தெருவில் எத்தனை நாளுக்கொரு முறை நீர் வருகிறது என்று ஒரு சுவடியில் எழுதுங்கள். உங்கள் அறிவியல் ஆசிரியரைத் துணைக்கொள்ளுங்கள். நாளும் இடமும் தவறாமல் எழுதப்பட்ட ஒரு பள்ளிச் சுவடி, நாளை ஓர் ஆவணம் ஆகும்.

இரண்டாவது எழுத்து. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. முதியோர் ஓய்வூதியத்திற்கும், குடும்ப அட்டைக்கும், பட்டாவிற்கும் வரும் மூதாட்டியர், எழுதித் தருவார் ஒருவரைத் தேடி அலைவதைக் காண்கிறோம். 1956ஆம் ஆண்டிலேயே தமிழ் இம்மாநிலத்தின் ஆட்சிமொழியாகச் சட்டம் பெற்றது. ஆட்சிமொழி தமிழாகியும், தமிழ் பேசும் பாட்டி தன் குறையைத் தானே எழுத இயலாமல் நிற்கிறாள். மேடையில் தமிழை வாழ்த்துகின்ற நாம் அந்தப் பாட்டியின் அருகில் ஒரு தூவலோடு உட்கார்ந்தோமா? நல்ல தமிழில், அவள் சொல்லியதைச் சொல்லியவாறே, பிழையற எழுதி, அவளுக்கே படித்துக் காட்டிக் கையொப்பம் பெறுங்கள். உங்கள் வகுப்பிலே நான் நடத்தும் கடிதப் பாடத்தைவிட அது பெரிய தமிழ்ப்பாடம். விருப்பமுள்ள பாட்டிக்குத் தன் பெயரெழுதவும் கற்றுக்கொடுங்கள்.

மூன்றாவது, உங்கள் வகுப்பில் காலியாகும் இருக்கை. விடியலில் தோற்காலணித் தொழிலகங்களின் பேருந்துகள் வந்து பெண்களை ஏற்றிச் செல்கின்றன. அவ்வுழைப்பு இழிவன்று, எத்தனையோ வீட்டடுப்பு அவர்தம் கூலியால் எரிகிறது. ஆனால் படிக்க விரும்பிய பெண், படிப்பு முடியுமுன் அப்பேருந்தில் ஏறநேர்ந்தால், அல்லது பதினெட்டு அகவை நிறையாமல் மணமேடை ஏற்றப்பட்டால், அஃது இழப்பு. தோழி ஒருத்தி மூன்று நாள் வரவில்லையென்றால் அவள் வீட்டிற்கு முதலிற் செல்ல வேண்டியவர் நீங்கள். ஆசிரியர்க்குச் சொல்லாததை அவள் உங்களுக்குச் சொல்வாள். கட்டணமா, உடல்நலமா, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையா, திருமணப் பேச்சா என்று அறிந்து வந்து சொல்லுங்கள். மேற்கொண்டு முயல்வது ஆசிரியராகிய எம் கடமை. அகவை நிறையாத் திருமணமென்றால் 1098 என்னும் தொலைபேசி எண்ணை மறவாதீர். 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடுக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தொண்டென்னும் பெயரால் பிறர் கூலியைப் பறித்துவிடக் கூடாது. துடைப்பத்தோடு ஒருநாள் படமெடுத்துக்கொண்டு, ஆண்டு முழுதும் தெருவைத் தூய்மை செய்யும் தொழிலாளியின் நிலுவைக் கூலியைப் பற்றி வாய்திறவாதது தொண்டாகாது. நம் பக்கத்து நாகநதியைப் பாருங்கள். வறண்டுபோன அவ்வாற்றுப் படுகையில் நீர்செறி கிணறுகள் அமைத்தவருட் பெரும்பாலோர் பெண்கள். ஏறத்தாழ 20,000 பெண்கள் உழைத்தனரென்று செய்திகள் கூறின. அவர் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் கூலி பெற்று உழைத்தவர். உழைப்புக்குக் கூலி கொடுத்தும் ஓர் ஆற்றை மீட்கலாம் என்பதற்கு அவரே சான்று. ஆகவே கூலிக்குரிய வேலையைப் பிள்ளைகள் தலையில் இலவயமாகச் சுமத்தாதீர். அவர்தம் தொண்டு அறிவுத் தொண்டாக இருக்கட்டும்.

இறுதியாகப் பெற்றோர்க்கு ஒரு சொல். 'பெண்பிள்ளையைத் தெருவுக்கு அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்?' என்று உங்களுட் சிலர் அஞ்சுவீர்கள். உங்கள் அச்சத்தை நான் எள்ளவில்லை. தனியே அனுப்ப வேண்டா, நால்வராகச் செல்லட்டும். இருட்டுமுன் திரும்பட்டும். அம்மாக்களில் ஒருவர் முறைவைத்து உடன்செல்லட்டும். அவ்வாறு செல்லும் அம்மாவும் நான்கு தெருவை அறிந்து வருவார். ஆனால் தெருவையே காணாது வளர்ந்த பெண், நாளை வேலைக்கும் கல்லூரிக்கும் தனியே செல்லும்போது யாரைத் துணைக்கு அழைப்பாள்? தன் ஊரின் தெருவில் அச்சமின்றி நடக்கக் கற்பதே அவளுக்கு நாம் தரும் காப்பு.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். இக்குழுவின் தலைவியை நாம் அமர்த்த வேண்டா, அவர்களே தேர்ந்துகொள்ளட்டும். எந்தத் தெருவில் என்ன பணி என்பதையும் அவர்களே பேசி முடிவு செய்யட்டும். விழாவில் விருந்தினரை வரவேற்க வேண்டுமென்றால் நாமே சென்று வணங்கி அழைத்துவருவோம். நமக்குக் கைகள் இல்லையா?

இளநங்கையரே! அடுத்த ஆண்டு இதே நாளில் நாம் மீண்டும் கூடுவோம். அன்று உங்கள் உடையின் மடிப்பை நான் பார்க்கமாட்டேன். எத்தனை கிணறு எண்ணினீர்கள், எத்தனை முறையீடு எழுதினீர்கள், எத்தனை தோழியரை வகுப்பிற்கு மீட்டீர்கள் என்று மூன்று கணக்குக் கேட்பேன். அக்கணக்குச் சிறிதாயினும் மெய்யாக இருக்கட்டும். ஒரே ஒரு தோழி திரும்பி வந்திருந்தாலும் இக்குழு தோன்றியதன் பயன் நிறைவேறிற்று என்பேன்.

செல்லுங்கள், ஊரை அறியுங்கள், உள்ளதைச் சொல்லுங்கள். வெல்க உங்கள் தொண்டு!