துயர் துடைக்கும் பணியில் தாய்மார்களின் பங்கு

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பைத்துல்மால் நிதி பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். எவ்வளவு சேர்ந்தது என்பதைப் பொருளாளர் வாசித்துவிட்டார். அது யாருடைய ஆலோசனைப்படி, யார் கையால் போய்ச் சேர வேண்டும் என்பது பற்றியே நான் சில வார்த்தைகள் கூற விழைகிறேன்.

ஹிஜ்ரி ஆறாம் ஆண்டில் ஹுதைபிய்யாவில் நிகழ்ந்ததை நாம் அறிவோம். உடன்படிக்கையின் நிபந்தனைகள் தோழர்களின் உள்ளங்களை வருத்தின. பலியிட்டுத் தலைமுடி களையுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மும்முறை கூறியும் எவரும் எழவில்லை. கூடாரத்திற்குள் சென்று அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் அதைத் தெரிவித்தார்கள். எவரிடமும் எதுவும் பேசாமல், தாங்களே வெளியே சென்று முதலில் பலியிட்டு முடி களையுங்கள் என்று அன்னையார் ஆலோசனை கூறினார்கள். அவ்வாறே செய்தவுடன் கூட்டம் முழுவதும் எழுந்தது. ஓர் அமைதி உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது ஒரு பெண்மணியின் ஆலோசனையால். இந்த ஹதீஸை மதரஸாவில் ஓதுகிறோம், மிம்பரிலும் சொல்கிறோம். நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மட்டும் ஏனோ அது நினைவுக்கு வருவதில்லை.

இனி, கடலுக்கு அப்பால் நம் மொழி பேசும் மக்களிடையே நடந்ததைக் கூறுகிறேன். 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். ஏறத்தாழ 75,000 பேர் வீடு, நிலம், கடை எல்லாவற்றையும் விட்டு வெளியேறினர். பெரும்பாலோர் புத்தளம் பகுதியில் கிடுகு வேய்ந்த குடிசைகளில் தங்கினர். சில நாள் தங்கல் என்று தொடங்கியது இருபது ஆண்டு வாழ்க்கையாயிற்று.

மன்னாரிலிருந்து அவ்வாறு வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவர் ஷிரீன் அப்துல் சரூர். அவர் பின்னர் மன்னார் மகளிர் அபிவிருத்தி சம்மேளனத்தை உருவாக்குவதில் முன்னின்றார். அச்சம்மேளனம் முஸ்லிம் பெண்களை மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை; போரால் நலிந்த தமிழ்ப் பெண்களையும் சேர்த்தது. எந்த இனத்தின் பெயரால் தாம் விரட்டப்பட்டார்களோ அந்த இனத்துப் பெண்களோடு ஒரே பாயில் அமர்ந்து சேமிப்பும் சிறுகடனும் பற்றிப் பேசுவது எளிதான செயலா? அங்கே சமாதானம் என்ற சொல்லை முதலில் வைத்திருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள் என்பது என் கருத்து. கணவனை இழந்தவளின் குழந்தைக்குச் சோறு எங்கே என்ற கேள்வி இருவருக்கும் பொதுவாயிருந்தது. போர் முடிந்த 2009 வரை காத்திராமல், அது நடந்துகொண்டிருந்த காலத்திலேயே இப்பணி நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

நம் மாவட்டமும் இதற்கு அந்நியமன்று. 1982ஆம் ஆண்டு மண்டைக்காட்டுக் கலவரத்தைப் பார்த்தவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறீர்கள். குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து அமைதிக்குப் பாடுபட்டார். அதை நன்றியுடன் நினைவுகூர வேண்டும். ஆயினும் தலைவர்கள் கையொப்பமிட்டுப் போன பிறகு, கடற்கரையிலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவரும் பெண்ணை உள்ளூர்ப் பெண் வாசலில் நிறுத்தி விலை பேசும் நாள்தான் அமைதி திரும்பிய நாள்.

2004 டிசம்பர் 26 சுனாமி குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் சூறையாடியது. தமிழகக் கடற்கரை நெடுகிலும் வெளியூர்களிலிருந்து லாரி லாரியாக உதவி வந்தது. பழந்துணிகள் சாலையோரம் குவிந்து கிடந்தன. பெண்களுக்கு மாதந்தோறும் வேண்டிய துணி பல நிவாரணப் பொட்டலங்களில் இல்லை. பட்டியல் தயாரித்தவர்கள் ஆண்கள். அவர்களிடம் அதை எந்தப் பெண் கேட்பாள்?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தது. டிசம்பர் 7 அன்று சின்னத்துறை முதலிய கடலோர ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் நடந்தே வந்து, நமக்கு அடுத்துள்ள குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். கைக்குழந்தைகளோடு பெண்களும் திரளாக அமர்ந்திருந்தார்கள். காணாமற்போனவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசின் கணக்கும் ஊராரின் கணக்கும் ஒத்துப்போகாத நாள்கள் அவை. எந்த வீட்டில் எவர் கரை திரும்பவில்லை என்பதைப் பெயர் சொல்லிக் கூறக்கூடியவர்கள் அந்த வீட்டுப் பெண்களே. நம் ஃபிக்ஹு நூல்களில் காணாமற்போனவரின் மனைவி பற்றிய சட்டம் ஓதும்போதெல்லாம் எனக்கு அந்தத் தண்டவாளம் நினைவுக்கு வருகிறது.

உலக அளவிலும் இது பேசப்பட்டுள்ளது. அமைதிப் பணியில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவை 2000ஆம் ஆண்டில் 1325ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. நிவாரண நிதியில் நான்கில் ஒரு பங்கு 2020க்குள் உள்ளூர் அமைப்புகளின் கைக்கே போய்ச் சேரும் என்று 2016இல் இஸ்தான்புல்லில் பெரிய நாடுகளும் நிறுவனங்களும் வாக்களித்தன. அது நிறைவேறவில்லை. பெரியவர்களின் வாக்கு இருக்கட்டும். நம் முஹல்லாவுக்கு வருவோம்.

கணவர் மவுத்தாகி இத்தாவில் இருக்கும் ஒரு சகோதரியின் வீட்டு நிலையை நம் குழுவினர் எவ்வாறு அறிவார்கள்? அண்டை வீட்டு ஆண்களிடம் விசாரிப்பார்கள். மானத்துக்கு அஞ்சி வாய் திறக்காத வீடு எது, அடுப்பு எரியாத வீடு எது என்பது பெண்களுக்குத் தெரியும். ஆகவே நிவாரணக் குழுவில் பெண்கள் இடம்பெற வேண்டும். வீடு வீடாகச் சென்று பட்டியல் எழுதும் வேலையை மட்டும் அவர்களிடம் தந்துவிட்டு முடிவை நாம் வைத்துக்கொள்வதில் பயனில்லை. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். கணக்கு நம் பேரேட்டில் ஏறட்டும். முஹல்லாவில் மழையிலும் வெள்ளத்திலும் நலிந்த மாற்றுச் சமய வீடுகளையும் அந்தப் பட்டியலில் சேர்க்கும் உரிமை அவர்களுக்கு இருக்கட்டும்.

பெண்கள் உறவினருக்குச் சாதகம் செய்வார்கள் என்று ஒரு பெரியவர் என்னிடம் கூறினார். ஆண்கள் செய்வதில்லையா என்று கேட்டேன், சிரித்துவிட்டார். பேணுதல் குலையும் என்று அஞ்சுவோருக்கு நான் கூறுவது: வறிய பெண்ணின் வீட்டு வாசலில் நான்கு ஆண்கள் சென்று நிற்பதைக் காட்டிலும் இரண்டு பெண்கள் உள்ளே சென்று அமர்வதே பேணுதலுக்கு ஏற்றது.

வரும் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். திரைக்கு அப்பால் இருப்போரில் இப்பணிக்கு முன்வருவோர், அடுத்த ஜும்ஆவுக்குள் தங்கள் பெயரை என் வீட்டாரிடம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வஸ்ஸலாம்.