ஒளியால் அறியும் வெப்பநிலை

வலிமையான காந்தப்புலம், உயர் மின்னழுத்தம், உயிருள்ள செல்லின் உட்பகுதி போன்ற, பாதரச வெப்பமானியோ மின்கம்பி உணரியோ எளிதில் பயன்படாத இடங்களில், வெப்பநிலையை அளப்பதற்கு அருமண் தனிமங்கள் கலந்த ஒளிரும் பொருள்கள் உதவுகின்றன. லாந்தனைடுகள் எனப்படும் இத்தனிமங்களின் அயனிகளில், ஒளி உமிழ்வுக்குக் காரணமான எலெக்ட்ரான்கள் வெளிக்கூடுகளால் மறைக்கப்பட்டிருப்பதால், அவை உமிழும் ஒளி குறுகிய, தெளிவான நிறக்கோடுகளாக அமைகிறது.

எர்பியமும் இட்டெர்பியமும் சிறிதளவு கலந்த படிகத்தின்மீது 980 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசரைச் செலுத்தினால், இட்டெர்பியம் அந்த ஆற்றலை உறிஞ்சி எர்பியத்துக்கு அளிக்க, எர்பியம் ஏறத்தாழ 525, 545 நானோமீட்டர் அலைநீளங்களில் பச்சை ஒளியை உமிழ்கிறது. குறைந்த ஆற்றலுள்ள ஒளித்துகள்கள் சேர்ந்து மிகுந்த ஆற்றலுள்ள ஒளியாக வெளிப்படும் இந்நிகழ்வு மேல்மாற்றம் எனப்படும்.

இவ்விரு ஒளிகளும் நெருங்கிய ஆற்றல் கொண்ட இரண்டு நிலைகளிலிருந்து எழுபவை. வெப்பநிலை உயரும்போது மேல்நிலையிலுள்ள அயனிகளின் பங்கு போல்ட்ஸ்மன் விதிப்படி கூடுவதால், முதல் ஒளி இரண்டாவதை நோக்க வலுக்கிறது. இவற்றின் விகிதமே வெப்பநிலையைக் காட்டுகிறது. ஒளிரும் பொருளின் அளவு கூடினாலும் குறைந்தாலும் இரண்டும் ஒருசேர மாறுவதால், விகிதம் பெரிதும் பாதிக்கப்படுவதில்லை.

எனினும் லேசரே பொருளைச் சூடாக்கிவிடக்கூடும் என்பதால், அதன் திறனைக் குறைத்து வைப்பதும், தெரிந்த வெப்பநிலைகளோடு முன்கூட்டியே ஒப்பிட்டு அளவுதிருத்தம் செய்வதும் இம்முறைக்கு இன்றியமையாதவை.