பெயரும் அழைப்பும்

பெங்களூரு விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழக்கிழமை என்றாலே கூட்டம் நெரியும். மெழுகுவத்தி ஒரு கையில், நாலாக மடித்த பயோடேட்டா மறு கையில் என்று வேலை வேண்டி நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால் மனம் கனக்கும். அந்தத் தாளின் முதல் வரி, பெயர்.

அந்தப் பெயரால் வேலைக்கான அழைப்பு மாறுமா என்பதைத்தான் பொருளியலாளர் சுகதேவ் தோரட்டும் சமூகவியலாளர் பால் அட்டெவெல்லும் சோதித்தார்கள். நாளிதழ் வேலை விளம்பரங்களுக்கு, ஒத்த தகுதியோடு பெயரை மட்டும் மாற்றி 4,808 விண்ணப்பங்கள் போட்டார்கள். 2007-இல் முடிவு வந்தது. மேல்சாதிப் பெயரைவிடத் தலித் பெயருக்கு அழைப்பு குறைவு. முஸ்லிம் பெயருக்கு அதைவிடக் குறைவு. முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒதுக்கியிருக்கிறார்கள், கொடுமை!

அமெரிக்காவிலும் இதே கதைதான். பொருளியலாளர்களான நம் செந்தில் முல்லைநாதனும் மரியான் பெர்ட்ராண்டும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையர் பெயருக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. கறுப்பினப் பெயருக்குப் பதினைந்து போடவேண்டியிருந்தது.