ஐந்து ரூபாய் கையெழுத்து

(குடியரசு தின விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

கொடியேற்றி முடித்ததும், "உங்க ஆட்டோகிராஃப் சமாசாரத்தையே பேசுங்க சார்" என்றார் நம் செயலாளர். காபி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

1946 ஜனவரியில் காந்தி சென்னைக்கு வந்தார். தி.நகரில் இந்திப் பிரசார சபையின் வெள்ளி விழா. அப்பாவுக்கு அப்போது பதினெட்டு வயது. காந்தி சும்மா கையெழுத்துப் போடமாட்டார். ஹரிஜன நிதிக்கு ஐந்து ரூபாய் கொடுக்க வேண்டும். பாட்டியிடம் இரண்டு நாள் கெஞ்சி வாங்கிய பணம் அது. காந்தி தமிழிலும் கையெழுத்திட்டது உண்டு. அப்பாவுக்குக் கிடைத்தது இந்தி எழுத்தில்.

அந்தத் தாளைக் கெடுத்தவன் நான்தான். எண்பதுகளில் லாமினேஷன் புதுசு. அப்பா ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கடையில் கொடுத்து, பளபளவென்று வாங்கி வந்தேன். திரும்பி வந்தவர் கையில் வாங்கிப் பார்த்தார். "நல்லா இருக்குடா" என்றார். அதற்குப் பிறகு அவர் அதை எடுத்துப் பார்த்து நான் பார்த்ததில்லை. சூட்டில் உருகிய பசை தாளோடு ஒட்டிவிடும். பிரித்தால் மையும் சேர்ந்து வரும். இன்று விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டினாலும், மை தாளில் இறங்கியிருக்கும் விதத்தை அவரால் சரியாகப் பார்க்க முடியாது.

ஆகவே உங்கள் வீட்டில் காமராஜரோ, ராஜாஜியோ, அண்ணாவோ கையெழுத்திட்ட தாள் இருந்தால் லாமினேஷன் வேண்டாம், செலோ டேப்பும் வேண்டாம். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். அமிலமில்லாத காகித உறையில் போட்டு, பீரோவில் படுக்கை வசமாக வையுங்கள். நாப்தலீன் உருண்டை புடவையோடு இருக்கட்டும்.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. தலைவர்கள் அனுப்பிய எல்லாக் கையெழுத்தும் அவர்கள் போட்டதல்ல. அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஆட்டோபென் என்ற இயந்திரமே போட்டுத் தந்தது, செயலாளர்களும் போட்டார்கள். மனிதர் யாரும் இரண்டு முறை அச்சு அசலாக ஒரே மாதிரி போடுவதில்லை. இரண்டு கையெழுத்து ஒன்றன்மேல் ஒன்று இம்மி பிசகாமல் பொருந்தினால் சந்தேகப்படுங்கள். நம்மூர் வாழ்த்து மடல்களில் பாதி அச்சடித்ததுதான். பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் இருக்கும் என் மகன், "தாத்தா கையெழுத்து வாங்கின தாளை எனக்கு அனுப்பிடுங்கப்பா" என்கிறான். அனுப்ப முடியாது. வரலாற்று மதிப்புள்ள ஆவணத்துக்கு 75 வயதானால், 1972ஆம் வருடச் சட்டப்படி அது தொல்பொருள். தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அந்தத் தாள் 2021இலேயே அந்த வயதைத் தாண்டிவிட்டது. இங்கே வந்து பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். டிசம்பரில் வருகிறானாம்.

உங்களிடம் ஏதாவது இருந்தால் ஞாயிறு காலை சங்க அறைக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். போகிற வழியில் லாமினேஷன் கடை ஒன்று இருக்கிறது. நிற்காமல் வந்துவிடுங்கள்.